நண்பரை சைக்கிளில் ஏற்றுவது எப்படி: பிரசங்கம் இல்லாத முழு வழிகாட்டி

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். 2018இல் ஐ.நா. அறிவித்தது. அன்றைக்கு ஸ்டேட்டஸில் பச்சைப் பின்னணியோடு சைக்கிள் படம் போடுகிற நம் நண்பர்கள், மறுநாள் காலை தெருமுனைக் கடையில் பால் வாங்க ஸ்கூட்டியைத்தான் எடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. சைக்கிள் உடம்புக்கு நல்லது, ஊருக்கு நல்லது என்று தெரியாதவர் யாருமே இல்லை, ஆனால் தெரிந்துகொண்டதால் ஓட்டத் தொடங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஓட்டத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் வேறு மாதிரித்தான் தொடங்குகிறார்கள்: தினமும் போகிற ஏதோ ஓர் இடத்துக்கு, ஒருநாள், காற்று அடித்துத் தயாராக நிற்கிற ஒரு சைக்கிளில், தெரிந்தவர் ஒருவர் துணையோடு. அந்த ஒருநாளை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை. நான் சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன், உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரைப் பிடிப்பது

நண்பர் வட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றலாம் என்று கிளம்பாதீர்கள். ஒரே ஆள் போதும். வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அடிக்கடி போகிற இடம் ஒன்று அவருக்கு இருக்க வேண்டும், அது ஜிம்மோ நூலகமோ மாமியார் வீடோ எதுவாகவும் இருக்கட்டும். சின்ன வயதில் ஓட்டியிருந்தால் நல்லது. நம் ஊரில் அது பெரிய பிரச்சினையே இல்லை. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ 11ஆம் வகுப்பு படித்தபோது விலையில்லா சைக்கிள் வாங்கியவர்கள் நம் நண்பர்களிலேயே எத்தனையோ பேர். அந்த சைக்கிள் இப்போது ஊரில் அப்பாவிடமோ, இரும்புக் கடையிலோ இருக்கும். ஓட்டின கால் மறந்திருக்காது.

எல்லாவற்றையும்விட நல்ல அடையாளம், உங்களைப் பார்த்துவிட்டு "இதுல வர எவ்ளோ நேரம் ஆகும்?" என்று ஒருமுறையாவது கேட்டவர். சும்மா கேட்டதாக அவரே நினைத்திருப்பார். அவரைப் பிடியுங்கள். மாறாக, தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவரை முழுத் தூரமும் மிதிக்கச் சொன்னால் அது வன்முறை. அவருக்கு வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும்தான் சைக்கிள், மீதியை மின்சார ரயில் பார்த்துக்கொள்ளும்.

என்ன பேசுவது, என்ன பேசாமல் இருப்பது

பெட்ரோல் மிச்சமாகும் என்று ஆரம்பிக்காதீர்கள். கணக்கு நம் பக்கம் அவ்வளவு பலமாக இல்லை. தினமும் 10 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 250 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற ஸ்கூட்டருக்கு அது ஐந்தரை லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 550 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டால் தீர்ந்தது. இந்தக் காசுக்காக யாரும் பழக்கத்தை மாற்ற மாட்டார்கள். தொப்பையைப் பற்றியும் பேசாதீர்கள், நண்பராகவே இருந்தாலும் அது சுருக்கென்று குத்தும். புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசினால் தலையாட்டிக் கேட்டுவிட்டு உங்களைத் தவிர்க்கத் தொடங்குவார்.

எடுபடுவது நேரக் கணக்கு. சாயங்காலம் ஆறரை மணி நெரிசலில் 4 கிலோமீட்டர் போக ஸ்கூட்டருக்கே இருபது நிமிடம் ஆகிறது. நிதானமாக மிதித்தால் சைக்கிள் மணிக்கு 12 கிலோமீட்டர் போகும், அதே இருபது நிமிடம்தான். வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்ற வேண்டியதில்லை என்பது உபரி. இதைக்கூட வாதமாக வைக்காமல், சேர்ந்து போனபின் அவரே கவனிக்கும்படி விட்டுவிடுவது நல்லது.

கூப்பிடும்போது "சைக்கிள் ஓட்ட வர்றியா?" என்று கேட்காதீர்கள். அவர் எப்படியும் போகப்போகிற காரியத்தோடு சேர்த்துக் கேளுங்கள்.

"மச்சி, சனிக்கிழமை டிபன் சாப்பிடப் போறோம்ல? சைக்கிள்ல போலாம்டா. எங்கிட்ட ரெண்டு இருக்கு."

அவ்வளவுதான். முதல் தடவை ஆபீஸுக்குக் கூப்பிடவே கூடாது. ஆபீஸ் என்றால் நேரம், சட்டை, மேனேஜர் என்று எல்லாப் பயமும் சேர்ந்துகொள்ளும். டிபனுக்கு லேட்டானால் யாரும் கேட்கப் போவதில்லை. அதிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பளபளக்கும் உடுப்போடு ஐம்பது கிலோமீட்டர் போகும் கூட்டத்திலும் அவரை முதலில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அது விளையாட்டு. அதைப் பார்த்தவுடன் "இதுக்கெல்லாம் தனி உடம்பு வேணும்" என்று ஒதுங்கிப்போகிறவர்கள் நிறைய. நீங்களும் வேட்டியிலோ பேண்ட் சட்டையிலோ போங்கள், காலில் செருப்பு போதும்.

கையில் ஒரு சைக்கிள்

வாங்கிக்கொள் என்று சொன்னால் காரியம் அங்கேயே நின்றுவிடும். எது வாங்குவது என்று ஆறு மாதம் யூடியூப் பார்ப்பார். இரவல் கொடுங்கள். உங்களிடம் இரண்டாவது சைக்கிள் இல்லையென்றால், எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கிலும் தூணுக்குப் பின்னால் இரண்டு மூன்று சைக்கிள் ஒட்டடை பிடித்து நிற்கும். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பையனுடையதாக இருக்கும். அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டால் சொந்தக்காரர் பெரும்பாலும் "எடுத்துட்டுப் போங்க, இடமாவது காலியாகும்" என்பார்.

அப்படிக் கிடைத்த சைக்கிளை அப்படியே நண்பரிடம் தள்ளிவிடாதீர்கள். டயரை அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் டயர், டியூப் இரண்டையும் மாற்றுங்கள். பிரேக் கட்டை கல்லாகியிருக்கும், கேபிளும் துருப்பிடித்திருக்கும், இரண்டும் விலை அதிகமில்லாத சாமான். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ஆடிக்கொண்டே சுற்றுகிறதா? கடையில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். செயினைத் துணியால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் மாதிரி லேசானது எதையாவது சொட்டுச் சொட்டாக விட்டு, வழிகிற மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணைப் பிடித்துக்கொண்டு நாளைக்கே கறகறக்கும். ஏற்கெனவே கறகறக்கிற சைக்கிளென்றால் ஒரேயடியாக, முழுசாகப் பிரித்து மாட்டுகிற ஓவராயிலுக்கே கொடுத்துவிடுங்கள்.

இனி சீட். இதில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள், ஏனென்றால் "சைக்கிள் எனக்குச் செட் ஆகல, முட்டி வலிக்குது" என்று விட்டவர்களில் பலருக்கு சீட் உயரம்தான் தப்பு. நண்பரை ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரச் சொல்லுங்கள். குதிகாலை பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும், அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாயவும் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியபடி இருக்கும், அதுதான் சரியான உயரம். வெகுநாள் கழித்து ஏறுகிறவர் "கால் தரையில் எட்டலையே" என்று பதறுவார். முதல் வாரம் ஓர் அங்குலம் இறக்கிக் கொடுங்கள், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். கியர் இருந்தால் நடுவில் ஒன்றில் வைத்துவிட்டு "இன்னிக்கு இதைத் தொடாதே" என்று சொல்லிவிடுங்கள்.

வழியை நீங்கள் போட்டு வையுங்கள்

கூகுள் மேப் காட்டுகிற பைக் வழியும் உங்கள் வழியும் ஒன்றாக இருக்காது. உள்தெருக்கள் வழியாகப் போனால் அரை கிலோமீட்டர் கூடினாலும் நிம்மதி. ஆனால் சென்னையில் உள்தெரு எங்கேயாவது ஆற்றிலோ தண்டவாளத்திலோ முட்டி நின்றுவிடும். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு எத்தனை அழகான நிழல் தெரு கண்டுபிடித்தாலும் கடைசியில் திரு.வி.க. பாலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் சுற்றிக்கொண்டு கோட்டூர்புரம் பாலம். தி.நகரிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு துரைசாமி சுரங்கப்பாதை. மதுரைக்காரர்களுக்கு வைகைப் பாலங்கள், திருச்சிக்காரர்களுக்குக் காவிரிப் பாலம். அதனால் வழி போடும்போது முதலில் எங்கே கடக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அதன் இரண்டு பக்கமும் உள்தெருக்களைக் கோர்த்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் பயமாக இருந்தால் நடைமேடையில் உருட்டிக்கொண்டு போகட்டும், யாரும் பரிசு தரப் போவதில்லை.

நீங்கள் ஒருமுறை தனியாக, அதே கிழமையில் அதே நேரத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலையில் காலியாக இருந்த தெரு திங்கட்கிழமை எட்டரைக்குப் பள்ளி வேன்களால் நிரம்பியிருக்கும்.

பெண் தோழிக்கு வழி போடுவதென்றால் இன்னொன்று. இரவு நேரத்தில் அமைதியான உள்தெரு நல்ல வழி இல்லை. கடை திறந்திருக்கிற, விளக்கு இருக்கிற பெரிய சாலையே மேல் என்று பலர் சொல்வார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு வழியை மாற்றுங்கள். துப்பட்டாவை முன்னால் முடிந்துகொள்வது, செயின் கவர், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கிற டிரஸ் கார்டு, இவையெல்லாம் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை.

முதல் நாள் சாலையில்

உள்தெருவில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும். பெரிய சாலையில் மாற்றிக்கொள்ளுங்கள்: அவர் முன்னால், நீங்கள் பின்னால் கொஞ்சம் வலப்பக்கமாக. பின்னால் வருகிற பஸ்ஸும் வேனும் முதலில் உங்களைப் பார்த்து விலகும். நீங்கள் வேகத்தைக் காட்டிவிடக் கூடாது, அவர் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் வேகம்.

சொல்ல வேண்டியதைப் போகிற போக்கில் சொல்லுங்கள், கிளம்புமுன் வகுப்பு எடுக்காதீர்கள். புதியவர்கள் பயத்தில் சாலையின் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொள்வார்கள். அங்கேதான் மணல், கண்ணாடித் துண்டு, தாழ்ந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடி எல்லாம். ஓரத்திலிருந்து ஒரு மூன்றடி உள்ளே வந்து நேர்கோட்டில் ஓட்டினால் பின்னால் வருகிறவருக்கும் தெளிவாக இருக்கும். நிறுத்தியிருக்கிற கார்களைத் தாண்டும்போதும் கதவு திறக்கிற தூரம் விட்டு ஓட்ட வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது, அது எங்கே நிற்கும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. நிறுத்தத்தை நோக்கி இடப்பக்கம் ஒதுங்குகிற பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் நடுவில் நுழையவே கூடாது. மணல் மேல் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சறுக்கும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கணும்.

பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்புவதுதான் எல்லாருக்கும் நடுக்கம். திரும்பவே வேண்டாம். நேராகச் சந்திப்பைத் தாண்டி, இடப்பக்கம் இறங்கி, பாதசாரியோடு பாதசாரியாக உருட்டிக்கொண்டு கடந்துவிடலாம். இதைச் சொல்லிக் கொடுத்த அன்றே பாதிப் பயம் போய்விடும். ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும், அதனால் நேரே பார்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். நம் ஊரில் ஹாரன் என்பது பெரும்பாலும் "நான் வர்றேன்" என்கிற தகவல்தான், திட்டு இல்லை.

ஓட்டவே தெரியாதவர் என்றால்

முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையைச் சொல்லலாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள், அம்மாவும் மகளுமாக, ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி, அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டினார்கள். கற்றுக்கொண்டவர்களே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

நமக்குத் தெரிந்த முறை பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி, திடீரென்று விட்டுவிடுவது. பெரியவர்களுக்கு அது ஆகாது, விழுந்துவிடுவோம் என்கிற பயமே பாதி வேலையைக் கெடுத்துவிடும். பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பேனர் பொருந்தும். வலப்பக்கப் பெடல் வழக்கமான மரை, இடப்பக்கப் பெடலுக்கு மட்டும் எதிர் மரை, கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மல்லுக்கட்டினால் மரை போய்விடும். சீட்டை, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிற அளவுக்கு இறக்குங்கள். இப்போது உட்கார்ந்தபடியே காலால் தள்ளித் தள்ளி நடக்கட்டும். மெல்லக் காலெட்டு நீளும், பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சில அடி தூரம் உருளுவார். பள்ளி மைதானமோ மொட்டையான லே-அவுட் சாலையோ போதும், வேடிக்கை பார்க்க ஆள் இல்லாத நேரமாகப் பாருங்கள். பேலன்ஸ் வந்துவிட்டது என்று தெரிந்தபிறகு பெடலை மாட்டினால் மிதிப்பது தானாக வரும்.

சாக்குகளும் பதில்களும்

வியர்வை: உண்மையான பிரச்சினை, இல்லை என்று சாதிக்காதீர்கள். முதுகில் பையை மாட்டாமல் கேரியரில் கட்டினாலே முதுகு பாதி காயும். கடைசி அரை கிலோமீட்டரை மெதுவாக ஓட்டட்டும். வியர்வை கொட்டுவது நிறுத்திய பிறகுதான், அதனால் பத்து நிமிடம் முன்னால் போய் மின்விசிறிக்குக் கீழே நின்றுவிட்டு, ஒரு துண்டால் துடைத்து, மாற்றுச் சட்டை போட்டால் சரி. மே மாதத்தில் காலை ஒன்பதுக்குள், மாலை ஐந்துக்கு மேல். நடு மதியத்தில் யாரையும் கூப்பிடாதீர்கள்.

மழை: தூறலுக்கு ரெயின்கோட் போதும். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் அன்றைக்கு சைக்கிள் லீவு. கீழே பள்ளமா திறந்த வாய்க்காலா என்று தெரியாத தண்ணீரில் வீரம் காட்ட வேண்டாம்.

நாய்: விடியற்காலையில் துரத்தினால் வேகமாக மிதிக்காமல், இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும்.

கௌரவம்: இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "கார் வாங்குற வயசுல சைக்கிளா?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள், ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் காருக்கு சல்யூட் அடித்துவிட்டு சைக்கிளை ஜெனரேட்டருக்குப் பின்னால் வைக்கச் சொல்லியிருப்பார். ஒருவர் கேட்டால் நடக்காது, மூன்று பேர் சேர்ந்து அட்மினிடம் கூரைக்குக் கீழே ஒரு ஸ்டாண்டு கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அலுவலகத்தில் இரண்டாவது ஆளைத் தேடுவது லாபம்.

திருட்டு: பின்சக்கரத்துப் பூட்டு மட்டும் போதாது, சைக்கிளை அப்படியே தூக்கிப்போய்விடுவார்கள். ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பியோடு பூட்ட வேண்டும்.

இரண்டாவது வாரம்

நிறைய பேருடைய சைக்கிள் வாழ்க்கை முதல் பஞ்சரோடு முடிகிறது. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற கடைகள் குறைந்துவிட்டன, பைக் மெக்கானிக் "சைக்கிள் பாக்கறதில்ல சார்" என்பார், வண்டி மறுபடியும் தூணுக்குப் பின்னால் போய்விடும். அதனால் அவர் வழியில் இருக்கிற சைக்கிள் கடையின் போன் நம்பரை முதல் வாரத்திலேயே அவர் மொபைலில் ஏற்றிக் கொடுங்கள். ஒரு கைப்பம்பும் வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது, வாரம் ஒருமுறை காற்று அடித்தாலே பாதிப் பஞ்சர் வராது. எவ்வளவு அடிப்பது என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

விருப்பமிருந்தால் ஒட்டவும் கற்றுக்கொடுங்கள். டியூபை வெளியே எடுத்து, காற்று அடித்து, வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி வருகிற இடம் தெரியும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை காத்திருந்து பேட்ச்சை அழுத்த வேண்டும். அவசரக்காரர்கள் ஈரத்திலேயே ஒட்டிவிட்டு "இது நிக்க மாட்டேங்குது" என்பார்கள். டியூபைத் திரும்ப மாட்டுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

இந்த வாரத்தில் "ஏன் இன்னிக்கு எடுக்கல?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டினால் அது இரண்டு நாள், அவ்வளவுதான். மூன்று நான்கு தடவை சேர்ந்து போயும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள், நட்பு முக்கியம்.

ஒட்டிக்கொண்டவர் ஒருநாள் அவராகவே "புதுசு எது வாங்கலாம்?" என்று கேட்பார். கடையில் முதலில் காட்டுவது தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் வைத்த மாடலைத்தான். மலையில் ஓட்டத்தானே அது, சென்னையில் இருக்கிற ஏற்றமெல்லாம் மேம்பாலம்தான். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், பின்னால் சிவப்பு விளக்கு, இந்த ஐந்தும் இருக்கிற அல்லது மாட்ட முடிகிற சாதாரண சைக்கிளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வாங்கியதும் உங்கள் இரவல் சைக்கிளை மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள், அடுத்த ஆளுக்கு வேண்டும்.